ஷோரூமில் நிற்கும் புது வண்டியின் சீட் பெல்ட்: மூடி வைப்பதா, திறந்து வைப்பதா, மாட்டிக் காட்டுவதா?

என்னுடன் முன்பு வேலை பார்த்த தம்பி ஒருவர் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கார் ஷோரூம் திறக்கப்போகிறார். போன மாதம் போன் செய்தார். “அண்ணே, டிஸ்ப்ளேக்கு மூணு வண்டி வருது. சீட்டு மேல இருக்கிற பிளாஸ்டிக்கைக் கழட்டிடலாமா, அப்படியே விட்டுடலாமா? பின்சீட்டு பெல்ட் பக்கிள் எல்லாம் அதுக்கு அடியில மாட்டிக்கிட்டு கிடக்கு” என்றார். டைல்ஸ், லைட், ஏ.சி., திறப்பு விழா பத்திரிகை என்று நூறு வேலை தலைக்கு மேல் இருக்கும்போது அவருக்கு இதைக் கேட்கத் தோன்றியது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. 16 வருடமாக கார் விற்பனையில் இருக்கிறேன். முதலில் சேல்ஸ், அப்புறம் டெலிவரி, இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. ஷோரூம் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும், வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். அது சீக்கிரம் முடிந்துவிடும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138(3) என்று ஒன்று இருக்கிறது. வண்டி ஓடும்போது ஓட்டுநர், அவர் பக்கத்தில் இருப்பவர், முன்பக்கம் பார்த்த பின்சீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பெல்ட் போட்டிருக்க வேண்டும் என்கிறது அது. பின்சீட்டுக்கும் சேர்த்துத்தான். 2019 சட்டத் திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி போடாவிட்டால் அபராதம் 1000 ரூபாய். 14 வயது நிரம்பாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப் போனாலும் அதே 1000 ரூபாய். விதியில் ‘ஓடும்போது’ என்று இருப்பதால் டைல்ஸ் மேல் நிற்கிற டிஸ்ப்ளே வண்டி இதற்குள் வராது. ஷோரூம் வாசலைத் தாண்டி டெஸ்ட் டிரைவுக்குப் போகிற வண்டி வரும். வண்டியின் பாதுகாப்பு அமைப்பை விதிக்கு மாறாக மாற்றி டீலர் விற்றால் 182ஏ பிரிவு பாய்கிறது: ஒரு வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆக, டிஸ்ப்ளே வண்டியின் பெல்ட்டை எப்படி வைப்பது என்பதைச் சட்டம் நம் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அதனாலேயே பலரும் இதை யோசிப்பதில்லை. என் கண்ணில் பட்டவரை மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

வந்த கோலத்திலேயே மூடி வைப்பது

ஸ்டாக்யார்டு என்கிற வண்டிக் கிடங்கிலிருந்து வண்டி எப்படி வந்ததோ அப்படியே நிறுத்திவிடுவது. சீட்டில் பிளாஸ்டிக், தரையில் பேப்பர் மேட், பின்சீட்டு பக்கிள்கள் எங்கோ உள்ளே. நான் பார்த்த ஷோரூம்களில் அதிகம் இதுதான். இதற்கு நியாயமான காரணமும் உண்டு. டிஸ்ப்ளே வண்டியும் ஒரு நாள் யாருக்காவது விற்றாக வேண்டிய வண்டி. “டிஸ்ப்ளே வண்டியை என் தலையில கட்டிடாதீங்க” என்று புக்கிங் செய்யும்போதே சொல்லிவிடுவார்கள். சனி, ஞாயிறில் குடும்பம் குடும்பமாக ஏறி இறங்குவார்கள். வெளிர் நிறத் துணி சீட்டில் தலை எண்ணெய் படிந்த இடம் ஒரே மாதத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பிளாஸ்டிக் இருந்தால் துடைத்து விடலாம்.

இந்தச் சௌகரியத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். அப்பா நேராக ஓட்டுநர் சீட்டில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து மூடிப் பார்ப்பார். பாட்டி ஒரு காலை உள்ளே வைத்து, “ஏற உசரமா இருக்கே” என்பார். பிள்ளைகள் இருவரும் பின்சீட்டில் குதிப்பார்கள். பிளாஸ்டிக் சரக் சரக்கென்று சத்தம் போடும். கால் மணி நேரம், இருபது நிமிஷம். டச் ஸ்கிரீனைத் தொடுவார்கள், டிக்கியைத் திறப்பார்கள், கதவை ஓங்கிச் சாத்தி சத்தம் கேட்பார்கள். பெல்ட்டில் மட்டும் ஒரு கையும் படாது. அங்கே அப்படி ஒன்று இருப்பதே கண்ணில் படாதபோது கை எப்படிப் போகும்?

அதே ஷோரூம் சுவரில் ஐந்து நட்சத்திரப் போஸ்டர் பெரிதாக ஒட்டியிருக்கும். வண்டியை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பக்க மோதலை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் செய்து பார்க்கிறார்கள். அந்த வண்டிக்குள் உட்கார வைக்கும் பொம்மைகளுக்கு பெல்ட் மாட்டியிருக்கும். குழந்தைப் பொம்மைகள் குழந்தை இருக்கையில் கட்டப்பட்டிருக்கும். அந்த நட்சத்திரங்கள் பெல்ட் போட்ட பொம்மைகள் வாங்கிக்கொடுத்த மதிப்பெண். அதைச் சுவரில் காட்டிவிட்டு பெல்ட்டை பிளாஸ்டிக்கில் ஒளித்து வைத்தால், வாங்குபவருக்கு நாம் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறோம். ஏர்பேக்கும் அப்படித்தான். ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லா வண்டிகளிலும் 6 ஏர்பேக் என்று அறிவித்ததிலிருந்து, வருகிறவர்கள் முதலில் கேட்பது “எத்தனை ஏர்பேக்?” என்பதுதான். ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை. பெல்ட் இல்லாமல் முன்னால் சரிந்து வருகிற உடம்பை, பலூன் விரிந்து தாங்கவேண்டிய இடத்தில் அது தாங்க முடியாது.

நான் இந்த முதல் வழியை ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன், அப்போது நான் வேலை பார்த்த ஷோரூமில் டெமோ வண்டிக்குக்கூடப் பின்சீட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றாமல் வைத்திருந்தோம். ஒருவர் மனைவியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு டெஸ்ட் டிரைவுக்கு வந்தார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில். பெண்கள் இருவரும் பின்னால். ரிங் ரோட்டில் 40, 45 வேகம்தான் இருக்கும். சந்திலிருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். எக்ஸ்எல்காரர் தப்பித்துவிட்டார். எங்கள் இருவரையும் பெல்ட் பிடித்து நிறுத்தியது. பின்னால் இருந்த அவருடைய அம்மா பிளாஸ்டிக்கில் வழுக்கி வந்து என் சீட்டின் முதுகில் வாயை மோதிக்கொண்டார். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புடவையில் ரத்தம் பரவுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ராத்திரி ஷோரூமுக்குத் திரும்பியதும் பின்கதவைத் திறந்து சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் கையை விட்டேன். பக்கிள் அங்கேதான் இருந்தது, பிளாஸ்டிக் உறைக்கு அடியில், பெல்ட்டின் உலோக நாக்கு நுழைய வழியில்லாமல். அந்த அம்மா பெல்ட் போட மறுக்கவில்லை. போடுகிற மாதிரி நாங்கள் வைத்திருக்கவில்லை.

திறந்து வைப்பது

இரண்டாவது வழிக்குச் செலவே கிடையாது. பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட வேண்டும். ஐந்து பக்கிள்களையும் மேலே எடுத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு பெல்ட்டையும் முழுசாக ஒரு தடவை இழுத்து, முறுக்கில்லாமல் சுருளவிட வேண்டும். ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம் ஆகும். சீட் அழுக்காகும் பயம் இருந்தால், சீட்டின் நடுப்பகுதியை மட்டும் மூடுகிற மாதிரி, பக்கிள் வெளியே தெரிகிற மாதிரி ஒரு துணி விரிப்பு தைத்துப் போடலாம்.

இந்த வழியை எடுத்தவர்கள் தடுக்கி விழுகிற சில இடங்கள் உண்டு. அவற்றைச் சொல்லியாக வேண்டும்.

சாய்வான மேடை அதில் முக்கியமானது. மால்களிலும் கண்காட்சிகளிலும் வண்டியை ஒரு பக்கம் தூக்கி, சரிவுப் பலகையில் ஏற்றி நிறுத்துவார்கள். பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் பெல்ட் சுருளுக்குள் சாய்வை உணர்கிற ஒரு சின்ன பூட்டு இருக்கிறது. ஐ.நா.வின் 16ஆம் எண் ஒழுங்குமுறைப்படி வழக்கமான கார் பெல்ட்டின் அந்தப் பூட்டு 12 டிகிரி சாய்வு வரை விழக்கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் விழுந்தே ஆக வேண்டும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். நன்றாகச் சாய்த்து வைத்த வண்டியில் பார்வையாளர் பெல்ட்டை இழுப்பார், அது அசையாது. “புது வண்டியிலேயே பெல்ட் ஜாம் ஆகுது” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். பக்கத்தில் நிற்கும் பையனுக்கும் காரணம் தெரியாது. ஆகவே மேடை போட்டால் சாய்வு லேசாக இருக்கட்டும்.

சமதளத்திலும் இதே பேச்சு வரும். வெடுக்கென்று இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். வருகிறவர் அதைக் குறை என்று நினைப்பார். விற்பனையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள், வரும். வேகமாக இழுக்கச் சொல்லுங்கள், நிற்கும். “அதோட வேலையே இதுதான் சார்” என்று சொன்னால் போதும். நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளிடம் முதல் நாளே இதைச் செய்துகாட்டச் சொல்வேன். பெல்ட்டைக் கையால் ஒருமுறை சோதித்துப் பார்த்தவர், வண்டி வாங்கிய பிறகு அதைத் தேடுவார்.

அப்புறம் நடுச்சீட்டு பெல்ட். சில வண்டிகளில் அது கூரையிலிருந்து இறங்கி வரும். அதற்கு இரண்டு நாக்கு இருக்கும். சின்னதை முதலில் ஒரு பக்கம் பூட்டிவிட்டுத்தான் பெரியதை மறுபக்கம் போட வேண்டும். வண்டியை அனுப்பும்போது அது கூரைக்குள் மடங்கியே இருக்கும், டிஸ்ப்ளேயிலும் அப்படியே தொங்கும். எத்தனையோ ஷோரூமில் “இது எப்படிப் போடறது?” என்று வாடிக்கையாளர் கேட்டு, விற்கிறவர் முழித்ததைப் பார்த்திருக்கிறேன். டிஸ்ப்ளே வண்டியில் சின்ன நாக்கை எப்போதும் பூட்டியே வைத்துவிடுங்கள். டிக்கி இடத்தைக் காட்டுவதற்காகப் பின்சீட்டை மடக்கி நிமிர்த்தும்போது ஓரத்து பெல்ட் சாய்மானத்துக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். ராத்திரி ஷட்டர் இறக்கும் முன் ஒருவர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

முன்சீட்டில் தோள் பெல்ட்டின் உயரத்தை மாற்றும் வசதி உள்ள வண்டிகளில் அதையும் காட்டுங்கள். பெல்ட் தோளெலும்பின் நடுவில் படிய வேண்டும், கழுத்தை உரசக் கூடாது. இடுப்புப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் தாழ்வாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. “புடவை கசங்குது”, “கழுத்தை அறுக்குது” என்று பெண்கள் சொல்வதை நாம் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். பாதிப் பேருக்கு அந்த உயரத்தை இரண்டு விரல் இறக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அப்படி ஒரு பட்டன் இருப்பதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

இந்த இரண்டாவது வழியில் ஒரு குறை உண்டு. வண்டிக்குக் கரண்ட் இல்லை. 2019 ஜூலை 1க்குப் பிறகு தயாரான கார்களில் முன்சீட்டு இரண்டுக்கும் பெல்ட் நினைவூட்டும் ஒலி கட்டாயம். பின்சீட்டுக்கான நினைவூட்டலும் புது வண்டிகளில் வந்துகொண்டிருக்கிறது. இதெல்லாம் டிஸ்ப்ளேயில் ஊமையாக இருக்கும்.

உயிரோடு வைப்பது

மூன்றாவது வழியில் வண்டிக்கு பேட்டரி சார்ஜர் போட்டு, பகலில் தேவைப்படும்போது இக்னிஷனை ஆன் செய்து காட்டுவது. கூடவே பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கென்றே இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் ஒரு குழந்தை இருக்கையை மாட்டியே வைத்திருப்பது. சார்ஜருக்குச் சில ஆயிரம், குழந்தை இருக்கைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு வண்டிக்குச் செய்தால் போதும்.

பலன் கண்ணெதிரே தெரியும். பின்சீட்டு நினைவூட்டல் உள்ள வண்டியில் மீட்டருக்குள் சின்னச் சின்ன சீட் படங்கள் சிவப்பாக இருக்கும். பிள்ளை பெல்ட்டைச் சொருகி ‘கிளிக்’ சத்தம் வந்ததும் அந்தச் சீட்டின் படம் மாறும். அதைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள். “தாத்தா சீட்டு இன்னும் சிவப்பா இருக்கு” என்று முன்சீட்டிலிருந்து ஒரு ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். தாத்தா சிரித்துக்கொண்டே பக்கிளைத் தேடினார். எந்தப் பிரசுரமும் அந்த வேலையைச் செய்யாது.

குழந்தை இருக்கையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் கைக்குழந்தை முன்சீட்டில் அம்மா மடியில்தான் வரும். அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்று உண்மையாகவே நம்புகிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி 0.1 நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த சுமார் 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இருக்காது. முன்சீட்டு சன் வைசரில், ஏர்பேக் உள்ள இடத்தில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைக்காதே என்று எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கும். அதைத் திருப்பிக் காட்டிவிட்டு, பின்சீட்டில் மாட்டியிருக்கும் இருக்கையைக் காட்டினால் பேச்சு தானாகத் தொடங்கும். நான் பார்த்தவரை, டிஸ்ப்ளேயில் மாட்டியிருந்த இருக்கையைப் பற்றிக் கேட்காமல் போன இளம் பெற்றோர் குறைவு. அக்சஸரீஸ் பட்டியலில் ஒரு வரியாக இருந்தவரை யாரும் கேட்டதே இல்லை.

இதில் சிரமங்களும் இருக்கின்றன. சாவி வேலை செய்கிற வண்டி ஷோரூமுக்குள் நிற்பது சின்ன விஷயம் இல்லை. டெலிவரி நாளில் வண்டி கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்த வீடியோக்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாவி எப்போதும் ஒரு ஊழியரின் பாக்கெட்டில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும், இக்னிஷனை ஊழியர் மட்டுமே ஆன் செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகள் பெல்ட்டைக் கழுத்தில் சுற்றி விளையாடும். பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் அவர்களை வண்டிக்குள் விடக்கூடாது. ஆள் பற்றாத ஷோரூமில் இந்த வழி ஆபத்தாகவே முடியும்.

இன்னொரு சிரமம் சத்தம். இக்னிஷன் ஆன் ஆனதும் சில வண்டிகள் விளக்கை மட்டும் காட்டும், சில வண்டிகள் கொஞ்ச நேரம் ஒலிக்கும். நாள் முழுக்கக் கேட்டால் ஊழியர்களுக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலில்தான் தப்பு நடக்கிறது. மூன்று விதமாகச் செய்வார்கள். பெல்ட்டை சீட்டின் முதுகுக்குப் பின்னால் விட்டுச் சொருகிவிடுவது ஒன்று. சீட்டுக்கு அடியில் இருக்கும் வயரைப் பிடுங்கிவிடுவது இன்னொன்று. அங்கே மஞ்சள் நிறத்தில் வரும் இணைப்புகள் ஏர்பேக், மோதும்போது பெல்ட்டை இறுக்கும் இழுப்பான் சம்பந்தப்பட்டவை. தெரியாமல் அதைக் கழற்றிவிட்டு இக்னிஷனை ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு எரிந்தபடி நின்றுவிடும், பெரும்பாலும் சர்வீஸில் ஸ்கேனர் போட்டுத்தான் அழிக்க முடியும். அந்த வண்டிதான் பிறகு ஒரு குடும்பத்துக்கு டெலிவரி ஆகப்போகிறது. மூன்றாவது, கிளிப்.

அந்தக் கிளிப்

பெல்ட் நாக்கு மாதிரியே ஒரு உலோகத் துண்டு, மேலே கம்பெனி சின்னம் வேறு பதித்திருக்கும். பக்கிளில் சொருகினால் வண்டி பெல்ட் போட்டதாக நினைத்துச் சத்தத்தை நிறுத்திவிடும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் பின்சீட்டில் இருந்தவரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் தெரிவித்தது. அந்த வாரங்களில்தான் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, தான் போன நான்கு முதலமைச்சர்களின் கார்களில் முன்சீட்டில் இந்தக் கிளிப் இருந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல், ஷாப்க்ளூஸ், மீஷோ ஆகிய ஐந்து தளங்களுக்கும் உத்தரவிட்டு, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது.

இவ்வளவு நடந்த பிறகும் ஒரு ஷோரூமின் டெமோ வண்டியில் அதைப் பார்த்தேன். ஓட்டிப் பார்க்க வருகிறவருக்கு பீப் சத்தம் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். வாங்க வந்தவர் அந்தக் கிளிப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்து, “இது எங்க கிடைக்கும்?” என்று கேட்டார். ஷோரூமே கற்றுக்கொடுத்த பாடம் அது. டிஸ்ப்ளேயிலோ டெமோவிலோ கிளிப் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இதில் நான் எந்த ஷோரூமுக்கும் எந்தச் சலுகையும் கொடுக்க மாட்டேன்.

நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் பெல்ட் போடாத நிலையில் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 8,384 பேர் ஓட்டுநர்கள், 8,331 பேர் கூட வந்தவர்கள். கிட்டத்தட்ட சரிபாதி. நாம் ஷோரூமில் ஸ்டீயரிங் பிடிப்பவரிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சீட் கவர், டெஸ்ட் டிரைவ், டெலிவரி

டிஸ்ப்ளே வண்டியை எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் அக்சஸரீஸ் கவுண்டரில் அது பாழாகலாம். தடிமனான சீட் கவர் போட்டதும் பின்சீட்டு பக்கிள்கள் மறுபடி உள்ளே போய்விடும். பக்கிளுக்கு இடம் வெட்டிய கவரா, சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த இடத்துத் தையல் பிரிந்து வழிவிடும் கவரா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். டிஸ்ப்ளே வண்டி ஒன்றில் சரியான கவரைப் போட்டு வைத்தால், தனியாக விளக்கத் தேவையில்லை.

டெஸ்ட் டிரைவில் வாய்வார்த்தையாக “பெல்ட் போட்டுக்கோங்க சார்” என்று சொல்வது ஒரு முறை. எல்லோருடைய பெல்ட்டும் பூட்டிய பிறகே சாவியைக் கொடுப்பது இன்னொரு முறை. இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். முதலாவதில் ஓட்டுபவர் போடுவார், பின்னால் இருப்பவர்கள் சிரித்துவிட்டு இருந்துவிடுவார்கள். ஊழியரும் வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்று விட்டுவிடுவார். இரண்டாவதில் சங்கடமே வருவதில்லை. அது ஷோரூமின் பழக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஊழியர் முதலில் தானே பின்கதவைத் திறந்து, பாட்டிக்கு பெல்ட்டை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். மரியாதையாகச் செய்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை.

டெலிவரி நாளில் மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம், பெரிய அட்டைச் சாவியோடு போட்டோ எல்லாம் முடிந்து நேராகக் கோயிலுக்குத்தான் போவார்கள். ஐந்து சீட்டில் ஏழு பேர் ஏறுகிற நாள் அது. அன்றைக்கு எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டி ஏறுவதற்கு முன், எத்தனை சீட்டோ அத்தனை பேர் மட்டும், எல்லோரும் பெல்ட்டோடு என்று ஒரு போட்டோ எடுத்துக்கொடுங்கள். மீதிப் பேரை ஷோரூம் வண்டியில் கொண்டுபோய் விடலாம். நான் இருந்த இடத்தில் செய்தோம், மகிழ்ச்சியாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய மூன்று முனை பெல்ட்டை வால்வோ கார் கம்பெனியின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். நிறுவனம் அந்தக் காப்புரிமையை மற்ற எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. 1959 ஆகஸ்டில் அந்த பெல்ட்டோடு வெளிவந்த முதல் கார் ஸ்வீடனில் கிறிஸ்டியான்ஸ்டாட் என்ற ஊரின் டீலரிடம்தான் போய் இறங்கியது. இந்த பெல்ட்டை மக்களுக்கு முதலில் காட்டும் பொறுப்பு அன்றைக்கே ஒரு ஷோரூம்காரர் கையில் வந்திருக்கிறது.

தம்பிக்கு நான் சொன்னது

மூன்று டிஸ்ப்ளே வண்டி, நான்கு சேல்ஸ் பிள்ளைகள், ஒரு டெமோ வண்டி. இதுதான் அவர் நிலைமை. மூன்றையும் உயிரோடு வைக்க அவருக்கு ஆள் போதாது. அதனால் இரண்டு வண்டிகளைத் திறந்து வைக்கச் சொன்னேன்: பிளாஸ்டிக் இல்லை, பக்கிள் எல்லாம் மேலே, பேட்டரி இணைப்பு தேவையில்லை. அதிகம் பேர் கேட்கிற மாடல் ஒன்றை மட்டும் வாசலுக்கு எதிரே சமதளத்தில் நிறுத்தி, சார்ஜரும் குழந்தை இருக்கையும் போட்டு, அதற்கென்று ஒரே ஒரு ஊழியரைப் பொறுப்பாக்கச் சொன்னேன். சாவி அவரிடம் மட்டும். அந்த ஊழியர் லீவு போட்ட நாளில் அந்த வண்டியும் இக்னிஷன் இல்லாமல், திறந்து மட்டும் நிற்கட்டும். கொஞ்சம் பெரிய ஷோரூம், ஆள் இருக்கிறது என்றால் ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை இப்படி வைக்கலாம். ஒரே ஒரு வண்டி நிறுத்தும் சின்ன அவுட்லெட்டாக இருந்தால் திறந்து வைப்பதே போதும், ஆனால் குழந்தை இருக்கையை விட்டுவிட வேண்டாம். அதற்குக் கரண்ட் தேவையில்லை.

டெமோ வண்டிக்கு மட்டும் தேர்வு எதுவும் இல்லை என்றேன். பிளாஸ்டிக்கை முதல் நாளே முழுதாகக் கழற்ற வேண்டும், பின்சீட்டு உட்பட.

“சீட்டு அழுக்காயிடுச்சுன்னா அந்த வண்டியை எப்படி விக்கிறது அண்ணே?” என்று கேட்டார். டிஸ்ப்ளேயில் நின்ற வண்டி என்று வெளிப்படையாகச் சொல்லி, சீட்டை நன்றாகக் கழுவிக் கொடுத்து, விலையில் கொஞ்சம் இறங்குங்கள் என்றேன். அந்தச் செலவை நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஒரு சீட் உறையை மாற்றுவதற்கும் ஒரு பல் கட்டுவதற்கும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், இரண்டையும் அந்த ஷோரூமில் என் கையால் பில் போட்டிருக்கிறேன்.

நேற்று போட்டோ அனுப்பியிருந்தார். பின்சீட்டில் மூன்று பக்கிள்களும் நிமிர்ந்து நிற்கின்றன. நடுச்சீட்டின் சின்ன நாக்கு மட்டும் இன்னும் கூரையில் தொங்குகிறது. அதைப் பூட்டச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.